உயிர் காத்த காட்டு வெங்காயம்

வரிச்சிக்குடிப் பக்கம் வெங்காயம் என்றால் சாம்பாருக்குச் சின்னது, பஜ்ஜிக்குப் பெரியது, அவ்வளவுதான். கடலோர மணலில் முளைக்கும் நரிவெங்காயத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. பெயர்தான் வெங்காயம், கிழங்கோ நஞ்சு!

ஆனால் நிஜமாகவே வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடி, உலகில் ஒரே ஒரு தீவை மட்டும் சொந்த ஊராகக் கொண்டிருக்கிறது. தென்கொரியாவின் உல்லுங்தோ தீவு அது. கடலுக்குள்ளிருந்து எழுந்த எரிமலை. பரப்பளவில் காரைக்கால் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. அரசாங்கமே பல நூற்றாண்டுகள் அங்கே யாரையும் குடியிருக்க விடவில்லை. 1883-இல்தான் முறையான குடியேற்றம் தொடங்கியது. வந்தவர்களுக்குக் குளிர்காலத்தில் சாப்பாடு தீர்ந்துபோக, பனிக்கடியில் துளிர்த்த இந்தச் செடியைத் தின்று பிழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். அதனால்தான் அதற்கு 'மியோங்கி' என்று பெயராம். 'மியோங்' என்றால் உயிர்.

இத்தனை கதை இருந்தும், அறிவியல் ஏடுகளில் இது நெடுங்காலம் வேறொரு மலைப்பூண்டின் வகையாகவே கிடந்தது. 2019-இல்தான் 'ஆலியம் உல்லுங்கென்ஸ்' என்று தனி இனப் பெயர் கிடைத்தது.

இன்று அதன் இலையைச் சோயா சாற்றில் ஊறவைத்து, சுட்ட இறைச்சியோடு சாப்பிடுகிறார்கள். கிராக்கி ஏறிவிட்டது. விதை போட்டுச் சில வருடம் காத்திருந்தால்தான் பறிக்க முடியும் என்பதால் காட்டில் கைவைக்கிறார்கள். வசந்த காலத்தில் செங்குத்துச் சரிவுகளில் இலை பறிக்கப் போய் விழுந்து இறந்தவர்களும் உண்டு. உயிர் காத்த செடிக்காக உயிர் போகிறது, பாருங்கள்...

"அதான் தோட்டத்தில் பயிரிடுகிறார்களே, காட்டில் அழிந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் டெல்டாவின் நெல்லை நினைத்துப் பார்க்கட்டும். விளைச்சல் அதிகம் என்று ஒன்றிரண்டு ரகங்களையே எல்லோரும் நட்டதில், பாரம்பரிய நெல் எத்தனை வயலைவிட்டுப் போயின! அவற்றைத் தேடி ஊர் ஊராக அலையத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு நெல் ஜெயராமன் வர வேண்டியிருந்தது. நெல்லுக்காவது வேறு ஊர் விவசாயி வீட்டில் கொஞ்சம் விதை மிஞ்சியிருந்தது. மியோங்கிக்கு வேறு காடே கிடையாது. தோட்டத்தில் இருப்பது யாரோ தேர்ந்தெடுத்து நட்ட சில செடிகளின் வாரிசு. மலைச்சரிவில் இருப்பதுதான் முழுக் குடும்பம்.

பறிக்கவே கூடாது என்று தீவுக்காரர்களிடம் சொல்வது நியாயமில்லை, அது அவர்கள் பாட்டன் சோறு. ஒரு செடிக்கு ஓர் இலையாவது விட்டு, கிழங்கைத் தொடாமல் எடுக்கலாம். வேரோடு பிடுங்கி விற்கிறவனுக்கு மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம்.