அங்கே பாரம்பரியம், இங்கே குடிசை!

காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி முடித்தால் சோளக்காடு. கொல்லிமலைக்குப் பேருந்தில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே இறங்கும்போது தலை கிறுகிறுத்துக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்து, சந்தையில் பலாவும் மிளகும் விலை கேட்டு, பிறகு தங்க அறை தேடுவார்கள். கிடைப்பதெல்லாம் நாமக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே கிடைக்கக்கூடிய அதே கான்கிரீட் பெட்டிதான். மலை ஊர் விடுதிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. சிமெண்ட் தூணில் பட்டை கீறி, பழுப்பு வண்ணம் அடித்து, மரம் மாதிரி ஆக்கி வைப்பார்கள். அசல் மரத்தூண் வீட்டை இடித்துவிட்டுப் போலி மரத்தூண் எழுப்புவதற்கு என்ன பெயர் வைப்பது?

அசல் என்பது இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வீடு. (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்.) மரக்கால் நட்டு, குறுக்கே வளை வைத்து, இடையில் மூங்கில் வரிச்சு கட்டி, இருபுறமும் மண்ணைக் குழைத்து அப்பிய சுவர். மேலே புல் கூரை. கூரைக்குக் கீழே பரண்; சாமையும் கேழ்வரகும் அங்கே ஏறும். அடுப்புப் புகை பரணில் படிந்து, பூச்சியை அண்டவிடாமல் தானியத்தைக் காக்கும். பாரத்தைத் தாங்குவது மரச்சட்டம், மண் வெறும் போர்வைதான். ஒரு பக்கத்து மண் மழையில் கரைந்தாலும் வீடு விழாது. மறுபடி அப்பிக்கொள்ளலாம்.

இனி இங்கிலாந்துக்குப் போகலாம். குளோஸ்டர் நகரில் 'நியூ இன்' என்று ஒரு விடுதி இருக்கிறது. பெயர்தான் 'புதிய விடுதி', வயது ஐந்நூற்று எழுபதுக்கு மேல்! அங்கே அடக்கம் செய்யப்பட்ட மன்னர் இரண்டாம் எட்வர்டின் கல்லறைக்கு வந்த யாத்ரீகர்கள் தங்குவதற்காக 1450 வாக்கில் மடாலயத் துறவிகள் கட்டியது. நம்மூர்ச் சத்திரம் மாதிரி நடுவில் முற்றம், சுற்றிலும் மாடி நடை. ரை என்ற சிற்றூரில் 1420-ல் திரும்பக் கட்டப்பட்ட 'மெர்மெய்ட் இன்' இன்னொன்று. இந்த வகைக் கட்டடம் எப்படி நிற்கிறது? ஓக் மரச்சட்டம், ஆணிக்குப் பதில் மர முளை, இடையில் மெல்லிய குச்சிகளால் முடைந்த வரிச்சு, அதன் மேல் வைக்கோலும் சாணமும் பிசைந்த மண். ஆமாம், சாணம்தான்.

மரம் வேறு, மாடி வேறு, குளிர் வேறு. ஆனால் சுவரின் தத்துவம் ஒன்றே. 'நியூ இன்' அங்கே முதல் தரப் பாரம்பரியக் கட்டடம். அனுமதி இல்லாமல் அதில் கைவைத்தால் கிரிமினல் குற்றம். கொல்லிமலைச் சுவருக்கு அரசுக் கோப்பில் உள்ள பெயர் குடிசை. அது இருந்தால் அவமானம், ஒழிந்தால் சாதனை.

இது வாய்ப்பேச்சு இல்லை. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல விஷயம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விதிமுறையைப் படிக்க வேண்டும். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைதான் போட வேண்டும். மண் சுவர் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சென்னைப் புறநகருக்கும் கொல்லிமலைக்கும் ஒரே அச்சு. இதில் வேடிக்கை, அதே 2024-ல் அதே அரசு, 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய சுமார் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுதுபார்க்க ரூ.2,000 கோடி அறிவித்தது. அரசு கட்டிய வீடு பழசானால் பழுதுபார்க்கலாம், மலைக்காரர் கட்டியது பழசானால் இடிக்கத்தான் வேண்டுமா?

"நகரத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர்களை மட்டும் மண் வீட்டில் இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புல் கூரை ஒழுகும், தீப்பிடிக்கும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கான்கிரீட் கேட்கிற குடும்பத்தை யாரும் தடுக்கக் கூடாது. சுற்றுலாக்காரரின் புகைப்படத்துக்காக ஒருவர் நனைய வேண்டியதில்லை.

ஆனால் இங்கிலாந்தில் அந்த விடுதிகள் பிழைத்தது யாரோ நனைந்துகொண்டிருந்ததால் அல்ல. உள்ளே மின்சாரம் வந்தது, குழாய் வந்தது, குளியலறை வந்தது. அடி உளுத்துப்போன மரக்காலுக்கு, உளுத்த பாகத்தை மட்டும் அறுத்து நீக்கிவிட்டு, புதுத்துண்டை ஒட்டுப்போடுகிறார்கள். இடித்துப் புதுசு பண்ணாதே, இருப்பதைச் சரிசெய் என்று சொல்வதற்கென்றே வில்லியம் மோரிஸ் 1877-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. கொல்லிமலையில் அந்த ஒட்டு வேலை தெரிந்த கைகளுக்குக் கூலி கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு வரி கிடையாது. அப்புறம் "கைவினை அழிகிறது" என்று கருத்தரங்கம் மட்டும் நடக்கும்!

பாரம்பரிய ஆணையத்துக்கென்று தமிழ்நாடு 2012-லேயே சட்டம் இயற்றியது. கோயிலும் கோட்டையும் மாளிகையும் மட்டும்தான் பாரம்பரியமா? சோளக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மிச்சமிருக்கும் மரச்சட்ட வீடுகளை முதலில் எண்ணட்டும். வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அந்த மூன்றரை லட்சத்தை, மரக்காலை மாற்றவும் மண் சுவரைப் பூசவும் கூரைக்கு ஓடு வேயவும் கொடுக்கட்டும். ஒரே ஒரு வீட்டையாவது வீட்டுக்காரரே நடத்தும் தங்கும் விடுதியாக்கி, வாடகையையும் அவரே வாங்கிக்கொள்ளட்டும். குளியலறை வேண்டுமானால் பின்பக்கம் செங்கல்லில் இருந்துவிட்டுப் போகிறது.