வாசலில் சீட்டுக் கேட்காத பூங்கா

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் என்னும் சிற்றூருக்கு அருகே, ஓடையும் அடர்ந்த மரங்களும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் கநோபல்ஸ் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. (முதலெழுத்தை விழுங்கிவிடாமல் அப்படியே உச்சரிக்க வேண்டும். நோபல் என்று வாசித்துப் பரிசுச் செய்தியை எதிர்பார்த்து வந்த நண்பர்கள் பொறுத்தருள்க.) 1926 ஜூலை 4 அன்று ஒரு நீச்சல் குளத்தையும், ஓர் உணவு விடுதியையும், நீராவியால் சுழன்ற ஒரு குடை ராட்டினத்தையும் வைத்துத் தொடங்கப்பட்டது. தொடங்கிய குடும்பத்தின் கையிலேயே இன்றும் இருக்கிறது. அதற்கு முன்பே ஓடையில் குளிக்கச் சுற்றுவட்டார மக்கள் குதிரை வண்டிகளில் வந்தார்கள் என்றும், நிலத்துக்காரர் அந்தக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டித் தீனி போட்டு உடம்பு தேய்த்துவிட 25 சென்ட் வாங்கினார் என்றும் பூங்காவின் பூர்வ கதை சொல்கிறது. செய்த வேலைக்குக் கூலி. வந்து நின்றதற்கு அல்ல.

இந்தப் பழக்கம்தான் இன்றுவரை அங்கே தொடர்கிறது. வண்டி நிறுத்தக் கட்டணமில்லை, உள்ளே நுழையக் கட்டணமில்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். ஆர்லாண்டோவின் பெரும் பூங்காக்களில் ஒருவர் உள்ளே காலெடுத்து வைக்கவே நூறு டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அங்கே போன பாட்டி, கொடுத்த காசு வீணாகிவிடுமே என்று முழங்கால் வலியோடு எதிலாவது ஏறியாக வேண்டும். கநோபல்ஸில் அவர் பெஞ்சில் அமர்ந்து பேரப்பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவலிருக்கலாம். அந்த வட்டாரம் நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன வட்டாரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது தருமம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. திறந்த வாசல் வழியாகக் கூட்டம் வந்தால் உணவுக் கடையில் வியாபாரம் நடக்கும் என்று கணக்குத் தெரிந்தவர்கள்தாம் அவர்கள். ஆனால் வியாபாரக் கணக்கிலேயே பாட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்க முடியும் என்பது நமக்குச் சொல்லப்படாத செய்தி.

இனி ராட்டினங்களுக்கு வருவோம். அங்குள்ள பீனிக்ஸ் என்னும் மர ரோலர் கோஸ்டர் அந்த மண்ணில் பிறந்ததல்ல. 1947-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக். 1980-இல் அந்தப் பூங்கா மூடப்பட்டது. ராக்கெட் வெயிலில் நின்று வெளிறிக்கொண்டிருந்தது. கநோபல்ஸ்காரர்கள் அதை வாங்கி, பலகை பலகையாகப் பிரித்து அடையாளமிட்டு, நாட்டின் பாதியைக் கடந்து லாரிகளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1985-இல் அது மறுபடி ஓடத் தொடங்கியது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரைச் சூட்டியதில் பெரிய கற்பனை ஏதுமில்லை. ஆனால் பெயர் பொருந்திவிட்டது. இருட்டுச் சுரங்கப் பாதை ஒன்றின் வழியாகத்தான் வண்டி கிளம்புகிறது. தொடையின்மீது இறங்கும் ஒரு கம்பியைத் தவிர ஆளை இறுக்கிப் பிடிப்பது எதுவுமில்லையாதலால், ஒவ்வொரு மேட்டிலும் உடல் இருக்கையைவிட்டு எழும்பிவிடுகிறது. இதைவிட உயரமும் வேகமும் கொண்ட நவீன எந்திரங்கள் எத்தனையோ இருக்க, மர வகையில் சிறந்தது எது என்று துறை சார்ந்த பத்திரிகை ஒன்று எடுத்த வாக்கெடுப்பில் 2018-இலும் 2019-இலும் பீனிக்ஸ்தான் முதலில் வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் இதை ஏற்பதாயில்லை. மரம் உளுக்கும், மாற்றுவார்கள்; நாற்பது ஆண்டுகளாகப் பலகை மாற்றிய பிறகு 1947-இன் ராக்கெட் அதில் எங்கே இருக்கிறது, இது வெறும் பழமை மோகம் என்பது அவர் வாதம். மறுக்க முடியாத கேள்விதான். ஆனால் பழைய பிரதியைப் பூட்டி வைப்பதையே பாதுகாப்பு என்று பழகிவிட்ட நம் போன்றவர்கள் இதை வேறுவிதமாகவும் பார்க்கலாம். வளைவு எங்கே தொடங்க வேண்டும், மேடு எவ்வளவு உயர வேண்டும், எந்த இடத்தில் வயிறு கலங்க வேண்டும் என்று ஷ்மெக் வகுத்தது பலகையில் இல்லை. ஓடும்போது மட்டுமே அது இருக்கிறது. ஓடாத ரோலர் கோஸ்டர் ஒரு மரக்குவியல், அவ்வளவுதான்.

இதற்கு நேரெதிரான முடிவு குடை ராட்டினங்களுக்கு நேர்ந்தது. பழைய மரக்குதிரைகளுக்குச் சேகரிப்பாளர்களிடையே மவுசு கூடிய பிறகு, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ராட்டினங்கள் ஏலத்தில் குதிரை குதிரையாகப் பிரிக்கப்பட்டன. முழு ராட்டினத்துக்குக் கிடைப்பதைவிடத் தனித்தனிக் குதிரைகளுக்கு அதிக விலை கிடைத்தது. அவை இன்று வரவேற்பறைகளில் பளபளப்பாக நிற்கின்றன. எந்தக் குழந்தையும் ஏறுவதில்லை. தொகுப்பை உடைத்து ஒற்றைச் சிற்பமாக்கி விற்ற அந்தக் காரியத்தைக் கலை ரசனை என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கநோபல்ஸின் பெரிய குடை ராட்டினம் 1913-ஆம் ஆண்டினது. கையால் செதுக்கிய 63 குதிரைகளும் ஒன்றாகவே சுற்றுகின்றன. விற்றிருந்தால் பெரும் பணம். விற்கவில்லை.

ஆகப் பெரிய அசட்டுத்தனம் என்று கணக்கர்கள் சொல்லக்கூடியது 'ஃப்ளையிங் டர்ன்ஸ்'. விமானியாக இருந்த ஜான் நார்மன் பார்ட்லெட் என்பவரின் யோசனை அது. தண்டவாளம் கிடையாது; பாதியாகப் பிளந்த பீப்பாயைப் போன்ற மரத்தொட்டிக்குள் வண்டி தன் போக்கில் சரிந்து உருண்டு வரும். முதலாவது 1929-இல் ஓஹியோவில் வந்தது. பிறகு எல்லாமே இடிக்கப்பட்டு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. கைமாறிவர எந்திரமும் இல்லை, கற்றுத்தர ஆளும் இல்லை. 2006-இல் கநோபல்ஸ் கட்டத் தொடங்கியது. சக்கரம் ஒத்துவரவில்லை, வண்டி ஒத்துவரவில்லை, பிரித்து மறுபடி கட்டினார்கள். 2013 அக்டோபரில்தான் மக்கள் ஏறினார்கள். ஏழு ஆண்டுகள்! அந்தக் காலத்தில் இரும்பில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றை வாங்கி நிறுத்தியிருக்கலாம். அழிந்துபோன ஒரு மொழியின் இலக்கணத்தைப் பேசிப் பார்த்தே மீட்க முயல்பவரின் பிடிவாதம் இது. இதில் எங்களுக்குச் சற்றே பொறாமையும் உண்டு.

வந்தவை வந்தபடியே இருக்க வேண்டும் என்ற வைதீகமும் அங்கே இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியூ ஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரையில் 1960 முதல் இருந்த 'கோல்டன் நகெட்' என்னும் இருட்டுப் பயண ராட்டினம், தங்கச் சுரங்கக் கதை சொன்னது. அதை இங்கே கொண்டுவந்து 2011-இல் 'பிளாக் டைமண்ட்' என்று பெயர் மாற்றி நிலக்கரிச் சுரங்கக் கதையாக்கிவிட்டார்கள். சுரங்கத்தில் உழைத்தவர்களின் பேரர்கள் அதில் ஏறிப் பயந்து சிரிக்கிறார்கள். பூங்காவிலேயே சுரங்கத் தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டில் எதில் கூட்டம் அதிகம் என்று கேட்க வேண்டியதில்லை.

ஓடை கொடுத்த இடத்தை ஓடையே அவ்வப்போது கேட்கவும் செய்கிறது. 1972, 2006, 2011 ஆண்டுகளில் வெள்ளம் புகுந்தது. சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி திறந்தார்கள்.

பெரிய குடை ராட்டினத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வெளிவரிசைக் குதிரையில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் உடலைச் சாய்த்து, நீட்டியிருக்கும் ஒரு கையிலிருந்து வளையம் ஒன்றைப் பறிக்கலாம். எல்லாம் இரும்பு வளையங்கள். ஒன்று மட்டும் பித்தளை. அது கிடைத்தவருக்கு அடுத்த சவாரி இலவசம். நண்பரிடம் இதைச் சொன்னோம். பழமை மோகம் என்ற தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வெளிவரிசையில் இடம் பிடிக்க எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.