நட்சத்திரம் பார்க்க லடாக் வரை போகணுமா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார் நார்மன் போக்சன். அதற்கு 'ஆசியா' என்று பெயரும் வைத்தார். இன்று அதே ஏரியாவில் மொட்டை மாடி ஏறிப் பாருங்கள். பத்து நட்சத்திரம் தேறினாலே பெரிய விஷயம்.

அதன்பின் இரவு வானியல் நகரத்தை விட்டுத் தள்ளித் தள்ளியே போனது. 1960களின் கடைசியில் ஜவ்வாது மலையின் காவலூர். 2000களில் லடாக்கின் ஹன்லே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில். மேகம், ஈரப்பதம் எனக் காரணங்கள் பல; இருட்டும் அதில் ஒன்று.

அந்த ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கி.மீ. பரப்பை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்தது லடாக் நிர்வாகம். இந்தியாவில் இதுதான் முதல். அங்கே யாரும் இருட்டில் தடவிக்கொண்டு வாழவில்லை. ஜன்னலுக்குக் கனமான திரை, விளக்குக்கு மூடி, வண்டிக்கு லோ பீம், அவ்வளவுதான். கூடவே உள்ளூர்க்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியும் டெலஸ்கோப்பும் கொடுத்தார்கள். வானம் காட்டி சம்பாதிக்கலாம் என்றால், லைட்டை ஊர்க்காரர்களே அணைத்துவிடுவார்கள். திட்டத்தின் சூட்சுமமே இதுதான் என்பேன்.

ஏன் இவ்வளவு அவசரம்? 'சயின்ஸ்' இதழில் 2023இல் வந்த ஆய்வு, பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அலசியது. பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6% கூடுகிறதாம். ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில், அதற்கு 18 வயதாகும்போது 100தான் மிஞ்சும்.

இதில் வெள்ளை எல்இடிக்கும் பங்குண்டு. அதில் நீல ஒளி அதிகம். நீலம் காற்றில் அதிகம் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரியும் அதே கதைதான். கரன்ட் மிச்சமாகிறதே என்று ஒரு விளக்குக்குப் பதில் மூன்று மாட்டுவதும் நடக்கிறது.

சரி, தெருவிளக்கு இல்லாவிட்டால் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்கள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் அவர்களுக்கு வெளிச்சம் வேண்டியது தரையில். மேலே போகும் ஒளி யாருக்கும் உதவாது. கண்ணில் அடிக்கும் ஒளியோ பக்கத்து நிழலில் நிற்பவரையும் மறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா வரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் பார்வை மாடம், பார்க்கிங், அதற்கு நாலு ஹைமாஸ்ட் லைட் என்று டூரிஸ்ட் ஸ்பாட் கணக்கில் கட்டினால் கதை முடிந்தது. டெலஸ்கோப் வாங்கும் முன்பு, மலை மேலுள்ள கடை, விடுதி, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் மூடி போடும் வேலைதான் முதலில் நடக்க வேண்டும்.

நம் பங்குக்கு? பல்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் தூக்கலான வெள்ளை. வாசலுக்கு 2700 அல்லது 3000 போதும்.