அருவியை மூடினால் போதுமா?

பள்ளி விடுமுறை வந்தால், நம் நாட்டு நாளேடுகளில் ஒருவகைச் செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். காட்டு அருவியில் குளிக்கச் சென்ற இளைஞர் ஒருவர் நீரில் மூழ்கினார். தீயணைப்பு மீட்புப் படையினர் தேடி வருகின்றனர். மறுநாள் உடல் கிடைக்கிறது. அதற்கடுத்த நாள் புலனக் குழுக்களில் ஒரே பேச்சு: "இந்த இடங்களையெல்லாம் மூடிவிட வேண்டும்!" சில நாள்கள் நுழைவாயிலில் சங்கிலி தொங்குகிறது. பிறகு சங்கிலி அவிழ்கிறது. கூட்டம் திரும்பி வருகிறது. முன்பு எதை அறியாமல் வந்ததோ, அதை அறியாமலேயே மீண்டும் வருகிறது.

அருவிகளை மூடுவதை நான் எந்நேரமும் எதிர்ப்பவன் அல்லன். அடைமழைக் காலத்தில் மூடத்தான் வேண்டும். மலைச்சரிவு ஏற்பட்ட இடத்தை, பாறைகள் நிலைபெறும் வரை திறக்கவே கூடாது. ஆனால், அருவியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் கற்றுத் தராமல், சங்கிலியை மட்டும் நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது. ஒவ்வோர் இடைநிலைப்பள்ளி மாணவரும் பள்ளியின் ஏற்பாட்டில், வழிகாட்டியுடன், ஒரு முறையாவது மலையேறி ஒரு காட்டு அருவியைப் பார்த்துவர வேண்டும் என்பதே என் கருத்து.

நம் நாட்டில் அதற்கு வெகுதொலைவு போக வேண்டியதில்லை. சிலாங்கூரில், ரவாங் நகருக்கு அருகில் இருக்கும் கஞ்சிங் வனப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். அங்கே நீர் ஏழு அடுக்குகளாக இறங்கி வருகிறது. கீழ் அடுக்குகளில் நடைபாதையும் படிகளும் உண்டு. வார இறுதியில் பாய் விரித்த குடும்பங்களும், நாசி லெமாக் பொட்டலத்தைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகளும் உண்டு. பெரும்பாலோர் அங்கேயே அமர்ந்துவிடுகின்றனர். அதற்கு மேலே ஏறினால் சிமெண்டு முடிந்து, மரவேர்களே படிகளாகின்றன. பேச்சரவம் குறைந்து நீரோசை கூடுகிறது.

அந்தக் காட்டில் கியாம் கஞ்சிங் என்றொரு மரம் இருக்கிறது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அங்குள்ள கப்பூர் மரங்களும் நமக்கு ஒருவகையில் அறிமுகமானவைதாம். நம் வீட்டுப் பாயசத்தில் சிட்டிகையளவு சேர்க்கும் பச்சைக் கற்பூரத்தை முற்காலத்தில் இந்த மர இனத்திலிருந்துதான் எடுத்தார்கள். பாய் விரித்த இடத்திலேயே திரும்பிவிடும் ஒருவருக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. (அருவி என்பது நம் பழந்தமிழ்ச் சொல். குறிஞ்சி நிலத்தைப் பாடிய புலவர்கள் அதைப் பலமுறை பயன்படுத்தியிருக்கிறார்கள். நாமோ பேச்சில் 'நீர்வீழ்ச்சி' என்றே பழகிவிட்டோம். அருவி என்ற சொல்லுக்கும் அவ்வப்போது இடம் கொடுக்கலாமே!)

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். அருவியில் உயிரிழப்பவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் ஏன் அங்கே கைகொடுப்பதில்லை? குளத்து நீர் அசையாமல் நிற்கிறது. அருவி நீர் நம்மை இழுக்கிறது. உயரத்திலிருந்து விழும் நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால், அந்த வெண்ணுரைப் பகுதி நம் உடலை வழக்கம்போல் மிதக்க விடுவதில்லை. பாசி படிந்த பாறையோ காலை வாரிவிடுகிறது. இன்னொன்றை அறிவியல் பாடத்திலேயே படித்திருக்கிறீர்கள். ஒளிவிலகலால், தெளிந்த நீர் உள்ளதைவிட ஆழம் குறைந்ததாகத் தெரியும். நான்கு மீட்டர் ஆழமுள்ள மடுவை மேலிருந்து நேராகப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மீட்டராகத்தான் கண்ணுக்குப் படும். தேர்வில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவரே, பாறை மேலிருந்து "இடுப்பளவு தண்ணீர்தான்" என்று சொல்லிக் குதிப்பதுண்டு.

இவற்றையெல்லாம்விட அச்சம் தருவது திடீர் நீர்ப்பெருக்கு. மலாய்மொழியில் அதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நேராகச் சொன்னால் 'நீரின் தலை'. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதே வேளையில் மலையுச்சியில் கனமழை கொட்டலாம். செங்குத்தான சரிவில் விழும் மழைநீர் சிற்றோடைகள் வழியாக விரைந்து ஒன்றுசேர்கிறது. சில நேரங்களில் ஒடிந்த மரங்களும் சருகுகளும் குறுக்கே சிக்கி, நீரைச் சற்று நேரம் அணைபோல் தேக்கிவைக்கும். அந்த அடைப்பு உடைந்ததும் நீர் ஒரு சுவராகத் திரண்டு கீழே பாயும். அது கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஓடுவதற்குச் சில நொடிகளே இருக்கும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் கெடா மாநிலத்தின் குனோங் ஜெராய் மலையில் நடந்ததை மறக்க முடியாது. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையை நாம் நன்கு அறிவோம். அதன் அடிவாரத்தில்தான் கடாரத்தின் வரலாறு பேசும் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அன்று மலைமேல் பெய்த பெருமழையால் சரிவுகள் பெயர்ந்தன. மண்ணும் பாறைகளும் மரங்களும் கலந்த வெள்ளம் யான் வட்டாரத்துக்குள் புகுந்தது. வீடுகள் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. மலையில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வாழ்பவரையும் விடுவதில்லை.

ஆற்றிடமிருந்து எச்சரிக்கை வருவதும் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெளிவாக ஓடிய நீர் கலங்கத் தொடங்கும். இலைகளும் சுள்ளிகளும் வழக்கத்தைவிட மிகுதியாக மிதந்து வரும். நீரோசை கனக்கும். சில வேளைகளில் நீர்மட்டம் உயர்வதற்கு மாறாகச் சட்டென்று குறையும். மேலே எங்கோ நீர் தேங்குகிறது என்பதற்கு அது அறிகுறியாகலாம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பையையும் காலணியையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கரையேறி, மேட்டு நிலத்துக்குப் போய்விட வேண்டும். படம் பிடிக்கக் கைப்பேசியை எடுக்கும் நேரம்கூட அங்கே பெரிய நேரம். எல்லா நீர்ப்பெருக்கும் இப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே, மலைமுகட்டில் கருமேகம் திரண்டாலே நீரில் இறங்காதிருப்பதுதான் முறை.

காலம் அறிந்து போவதும் இந்தப் படிப்பில் அடங்கும். தீபகற்பத்தின் மேற்குக் கரையில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் மழையாகக் கொட்டுகிறது. காலையில் போய் நண்பகலுக்குள் இறங்கிவிடுபவர் அதன் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். கிழக்குக் கரை மாநிலங்களிலோ ஆண்டிறுதி வடகிழக்குப் பருவமழையின்போது அருவிப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. கோலகுபு பாருவுக்கு அருகிலுள்ள சுங்கை சிலிங் அருவிக்குப் போகும் பாதை, ஆற்றைப் பலமுறை குறுக்கே கடந்து செல்கிறது. போகும்போது முழங்காலளவு இருந்த நீர், திரும்பும்போது மார்பளவு உயர்ந்திருந்தால் என்ன செய்வது? மறுகரையில் உயரமான இடத்தில் அமர்ந்து, நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் அம்மா கவலைப்படுவார் என்பது உண்மைதான். அதற்காக இறங்கிக் கடக்க முயன்றால் அந்தக் கவலை தீராத துயரமாகிவிடும்.

குப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெகிழிப் பையும் உணவுப் பெட்டியும் காட்டின் அழகைக் கெடுக்கின்றன என்று மட்டும் எழுதுவது வழக்கம். கேடு அதோடு நிற்பதில்லை. எறியப்பட்ட சோறும் கோழி எலும்பும் எலிகளை வரவழைக்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரோ சேறோ நம் காலிலுள்ள சிறு காயத்தில் பட்டால், எலிச்சிறுநீர் நோய் தொற்றக்கூடும். ஆற்றங்கரை மண்ணில் வேறு சில கொடிய கிருமிகளும் வாழ்கின்றன. 2010ஆம் ஆண்டு பகாங், மாரான் வட்டாரத்தின் லூபோக் யூ ஆற்றில் மூழ்கிய இளைஞர் ஒருவரைத் தேடச் சென்றவர்களுள் பலர் இத்தகைய தொற்றுகளால் நோய்வாய்ப்பட்டனர். சிலர் இறந்தே போயினர். ஒருவரைத் தேடப் போய்ப் பல குடும்பங்கள் தவித்தன. காயத்தோடு நீரில் இறங்காதீர்கள். அருவிக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது பள்ளியே மாணவர்களை அழைத்துப்போவது முறையா என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேருந்துச் செலவு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் என்று ஆசிரியர்களுக்கும் சுமைகள் உண்டு. அவற்றை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால், பள்ளி அழைத்துப்போகாத மாணவன் அருவிக்கே போகாமல் இருந்துவிடுவானா? பதினாறு, பதினேழு வயதில், மோட்டார் சைக்கிள் ஓட்டும் நண்பனோடு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், வீட்டில் சொல்லாமலேயே போவான். அவனுடன் வழிகாட்டி இருக்கமாட்டார். மழை மேகத்தைக் காட்டி "போதும், ஏறுங்கள்" என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். எது பெரிய ஆபத்து?

எனவே, சாரணர் இயக்கமோ சுற்றுச்சூழல் கழகமோ இதைப் புறப்பாட நடவடிக்கையாகவே செய்யலாம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை மாணவர்களையே எழுதச் சொல்லலாம். வானிலை அறிக்கையை அவர்களே பார்க்கட்டும். போகலாமா, வேண்டாமா என்று கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். அன்று காலை மேகம் கறுத்திருந்தால் பயணத்தை ஒத்திவைக்கும் முடிவையும் அவர்களே அறிவிக்கட்டும். ஆசையோடு காத்திருந்த ஒரு பயணத்தை மழைக்காகக் கைவிட்டவர்களுக்கு, மறுமுறை நண்பர்கள் வற்புறுத்தும்போதும் "இன்று வேண்டாம்" என்று சொல்வது கடினமாக இருக்காது.

அருவியை அடைந்ததும் நேரே நீரில் குதிக்கவிடக் கூடாது. முதல் அரை மணி நேரம் கரையில் அமரட்டும். நீர் எங்கே சுழல்கிறது, எந்தப் பாறையில் பாசி இருக்கிறது, அவசரத்தில் எந்தப் பக்கம் மேட்டில் ஏறலாம் என்று பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். ஒருவர் மூழ்கினால் தானும் குதிக்காமல், கயிற்றையோ நீண்ட கழியையோ காற்றடைத்த போத்தலையோ எறிந்து உதவவும், 999-க்கு அழைக்கவும் பழகட்டும். காட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் அற்றுப்போகிறது என்பதை வழியிலேயே குறித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு, வழிகாட்டி காட்டும் ஆழமற்ற இடத்தில் காலை நனைக்கலாம். மலைநீரின் குளிர்ச்சியை அனுபவிக்காமல் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்?

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள பள்ளிகளுக்கு, மழை சற்றுக் குறைந்த ஜூன் அல்லது ஜூலை மாதத்தின் ஒரு சனிக்கிழமை போதும். காலை ஏழரை மணிக்குப் பேருந்து புறப்பட்டால், கஞ்சிங்கின் மேலடுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு, குப்பைப் பைகளையும் சுமந்துகொண்டு, பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.