லேட்டா வந்தா வேண்டாம்!

'டிசிபி நம்பகமானது, யூடிபி அப்படி இல்லை'ன்னு செமஸ்டர்ல எழுதி ரெண்டு மார்க் வாங்கியாச்சு. இன்டர்வியூவில், "அப்புறம் ஏன்ப்பா வீடியோ கால் யூடிபி-யில போகுது?"ன்னு கேட்டா முழிக்கிறோம்ல?

மேட்டர் சிம்பிள். வழியில் ஒரு பாக்கெட் தொலைஞ்சா, அதை மறுபடி வரவழைச்சுட்டுத்தான் டிசிபி அடுத்ததைக் கொடுக்கும். பின்னாடி வந்ததெல்லாம் க்யூவில் நிற்கும். ஃபைல் டவுன்லோடுக்கு இது ஓகே. பேச்சுக்கு? ஒரு பாக்கெட்டில் வழக்கமா 20 மில்லிசெகண்ட் குரல்தான் இருக்கும். அது போனா சாஃப்ட்வேரே முன்ன வந்த ஒலியை வெச்சு ஒப்பேத்திடும். ஆனா, குரல் 150 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது ஐடியு பரிந்துரை. தொலைஞ்சதுக்காகக் காத்திருந்தா, "ஹலோ... கேக்குதா?"தான்!

1980-ல் வந்த யூடிபி-க்கு ஹெடர் வெறும் 8 பைட். டிசிபி-க்குக் குறைஞ்சது 20. யூடிபி அனுப்பும், 'வந்துச்சா?'ன்னு கேட்காது. வரிசை எண், நேரக் குறிப்பு ரெண்டையும் அதன் மேல உட்கார்ந்து ஆர்டிபி சேர்க்கும். 2021-ல் தரநிலையான க்விக்கும் யூடிபி மேலதான் ஓடுது. தொலைஞ்சதை அதுவும் திருப்பி அனுப்பும். ஆனா ஒரு ஸ்ட்ரீம் தடுக்கினா மற்றது நிற்காது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுல 'எது பெஸ்ட்?'னு தேடாதீங்க. 'லேட்டா வந்தா இந்த டேட்டா உதவுமா?'னு கேளுங்க. உதவும்னா டிசிபி. உதவாதுன்னா யூடிபி. வைவாவுலயும் அதையே சொல்லுங்க!