"காயில் மாத்தியும் நிக்குது": ஷெட்டுத் தமிழைக் கலப்படம் என்போருக்கு

தமிழில் அறிவியல் பேச இயலாது என்போரும், மெக்கானிக் ஷெட்டில் பேசப்படுவது தமிழே அன்று என்போரும் எதிரெதிர் அணியினராகத் தோன்றலாம். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே. பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணிவிட்டு மொழியைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார்கள். வாக்கியத்தைக் காதுகொடுத்துக் கேட்பதில்லை.

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய அம்பாசிடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது என்று கொள்வோம். தேர்ந்த மெக்கானிக் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தொடங்குவதில்லை. வண்டி எப்படி நின்றது என்றே முதலில் கேட்பார். சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் சட்டென்று நின்றிருந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மேல். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றிருந்தால் பெட்ரோலின் மேல்.

"சூடானா நிக்குது, ஆறினா எடுக்குது" என்பது அடுத்த தடயம். இதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் இருக்கலாம். காயிலின் உட்சுற்று வெப்பத்தில் அறுந்து, ஆறியதும் மீண்டும் தொடுக்கலாம். அல்லது எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் இழுக்காமல் போகலாம். இரண்டையும் பிரித்தறிய, வண்டி நின்ற உடனேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவிட்டால் தடயம் மறைந்துவிடும். பொறி இல்லையெனில் காயில், கண்டென்சர், பாயின்ட் எனத் தேடல் தொடரும். பொறி இருந்தால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பார்ப்பார்கள்.

இப்போது "காயில் மாத்தியும் நிக்குது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இதில் ஆங்கிலச் சொல் ஒன்றே ஒன்று. "சூடானா" என்பதிலுள்ள நிபந்தனை எச்சம் ஒரு கருதுகோளை முன்வைத்தது. "மாத்தியும்" என்பதிலுள்ள உம் அக்கருதுகோள்களுள் ஒன்றை முறியடிக்கிறது. கடன் வாங்கியது பொருளின் பெயரை மட்டுமே. காரண காரியத் தேடல் முழுதும் தமிழ் வினையிலும் விகுதியிலும் நடக்கிறது. இதைக் கலப்படம் என்று ஒதுக்குவோர் எந்த இலக்கணத்தைப் படித்தார்கள்?

பெயர்ச்சொல்லிலும் அவர்கள் வாதம் நிற்காது. "எர்த்" என்பதற்குப் பாடநூல் தரும் சொல் புவி இணைப்பு. வீட்டு மின்சாரத்துக்கு அது பொருந்தும். ரப்பர் டயரில் நிற்கும் காருக்கும் புவிக்கும் என்ன இணைப்பு? காரில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை எஞ்சினும் உடற்தகடுமே. ஆகவேதான் ஷெட்டில் அதைப் "பாடி எர்த்" என்கிறார்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி இருந்தும், செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் சுற்றத் திணறுகிறதென்றால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையில் துரு ஏறியிருக்கலாம். "எர்த் எடுக்கல" என்ற இரு சொற்களில் இந்த விளக்கம் முழுதும் அடங்கியிருக்கிறது. புவி இணைப்பு என்று மனனம் செய்த மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தங்கவயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கடந்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது 1902-இல். தமிழில் அறிவியல் சொற்களை ஆக்கச் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றியது 1916-இல். சங்கம் கூடுமுன்பே பதினான்கு ஆண்டுகள் இவ்வூர்த் தமிழ்த் தொழிலாளர்கள் மின்சாரத்தின் அருகே வேலை செய்திருக்கிறார்கள். அதைக் குறித்து ஊமையாகவா இருந்திருப்பார்கள்? அவர்கள் என்ன சொல்லால் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிவைப்பது சொல்லாக்கத்தின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

கலைச்சொல்லாக்கம் வேண்டாம் என்பதல்ல வாதம். மின்தேக்கி நல்ல சொல். பாடநூலுக்கு அது தேவை. ஆனால் கண்டென்சர் என்று சொல்லிக் கோளாறு கண்டுபிடிப்பவரைத் திருத்தும் தகுதியை அது யாருக்கும் வழங்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் தொழிற்பேச்சும் அன்றாடப் புழக்கத்தை இழந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பாயின்ட் வைத்த வண்டிகள் குறையக் குறைய, அவற்றின் கோளாற்றைக் காதால் அறிபவர்களும் குறைவார்கள். தங்கவயல் தமிழைக் கிளைமொழி என்று வகைப்படுத்திப் பாட்டும் பழமொழியும் மட்டும் திரட்டினால் போதாது. ஆய்வு மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஷெட்டுகளுக்குச் செல்ல வேண்டும். சொற்பட்டியலோடு நிறுத்தாமல், நின்ற வண்டி மீண்டும் எடுக்கும் வரை நிகழும் பேச்சு முழுவதையும் பதிவுசெய்ய வேண்டும். தொழிற்சொல் அகராதிகளில் "எடுக்கல", "இழுக்கல", "நிக்குது" என்ற வினைகளுக்கும் இடம் தர வேண்டும். அதுவரை, தமிழில் அறிவியல் இல்லை என்று புலம்பும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கு இல்லை.