ஸ்ட்ரைக்குன்னா ஜாலி லீவா?

தொழிற்சட்ட வகுப்பில் நண்பன் ஒருத்தன் (பேர் வேண்டாம், பாவம்) எழுந்து, "ஸ்ட்ரைக் பண்றவங்களுக்கு என்ன சார், ஜாலியா லீவு. நஷ்டமெல்லாம் கம்பெனிக்குத்தான்"னு சொன்னான். பாதி வகுப்பு தலையாட்டிச்சு. பி.காம் படிக்கிறோம் மக்களே! பற்று எழுதினா வரவும் எழுதணும்னு முதல் செமஸ்டர்லயே படிச்சோமே?

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. "நாளைக்கு யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது"ன்னு ஊர்க்கூட்டத்தில் முடிவானா, மறுநாள் வருமானம் பூஜ்யம். எஞ்சின் வாங்கின கடனோட வட்டி மட்டும் லீவு எடுக்காது. ரெண்டு மூணு நாள் தாண்டினா அம்மாவோட கம்மல் அடகுக்கடைக்குப் போயிடும். ஜாலியா இருந்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

சரி, மாசச் சம்பளக்காரங்களைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக் அக்டோபர் 15ல முடிஞ்சது. 37 நாள். 'வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை'ன்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. சராசரிச் சம்பளம் 25,000 ரூபாய்னு சங்கம் சொன்னது. கால்குலேட்டர் எடுங்க: ஆளுக்குச் சுமார் 30,000 ரூபாய் போச்சு. வீட்டு வாடகை, பைக் தவணை, பிள்ளைங்க ஃபீஸ் எல்லாம் வழக்கம்போல வந்து நிக்கும்.

இதுக்கு மேல சட்டம் ஒண்ணு இருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாம வேலைக்கு வரலைன்னா, வராத நாளுக்கான சம்பளத்தோட கூடுதலா 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். 1936 சட்டத்திலயே இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புது ஊதியச் சட்டத் தொகுப்பிலயும் பத்திரமா உட்கார்ந்திருக்கு. காரணம் நியாயமானதான்னு முதல்ல முடிவு பண்றது யாரு? சம்பளம் போடுற கைதான்!

"2025 மே மாசம் மூணு வருஷத்துக்கு 18,000லேர்ந்து 23,000 வரை சம்பள உயர்வு கிடைச்சுதே, போட்ட காசு திரும்பிடுச்சே"ன்னு கேப்பீங்க. கிடைச்சுது. ஆனா அக்டோபர் 15ல கேட்டுக்குள்ள திரும்பிப் போனவனுக்கு, ஏழு மாசம் கழிச்சு இப்படி ஒரு கையெழுத்து விழும்னு எந்த ஜோசியர் சொன்னார்? நடுவுல பிப்ரவரியில் சிலருக்கு சஸ்பென்ஷன் வேற.

அமெரிக்காவில் 2023ல கார் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் பண்ணப்போ சங்கமே வாரம் 500 டாலர் கொடுத்தது. இங்கே உண்டியல் குலுக்கணும், இல்லைன்னா அடகுக்கடை.

நண்பா, அந்த 8 நாள் சம்பளத்தை உன் 'ஜாலி லீவு' கணக்குல எந்தப் பக்கம் எழுதுவே?